மலைக்குளிரில் மரம் அறுக்கும் மெஷின்: செயினுக்கு எண்ணெயும் அரமும்

ஒரு செயின்சா எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது துப்பும் தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பச்சைக் கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) அறுக்கும்போது தூள் அவல் போலச் சீவல் சீவலாக உதிர வேண்டும். ரவை போல வந்தால் பல் மழுங்கத் தொடங்கிவிட்டது. மாவு போலப் பறந்து, கூடவே புகையும் கிளம்பினால், பல்லும் போய்விட்டது, எண்ணெயும் போய்ச் சேரவில்லை.

இரண்டில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயை. மழுங்கிய பல்லுக்கு அரம் போட்டால் கால் மணி நேரத்தில் கூர் திரும்பிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடித் தேய்ந்த பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, திரும்பாது, புதிதுதான் வாங்க வேண்டும். ஊட்டி, கோத்தகிரி, மஞ்சூர் போன்ற உயரங்களில் குளிரும் சேர்ந்துகொள்வதால், சமவெளியில் சிக்கல் இல்லாமல் ஓடிய மெஷின்கூட இங்கே காலை வேளையில் காய்ந்த செயினோடு ஓடும்.

எண்ணெய் எப்படிப் போகிறது

முழு வேகத்தில் செயின் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. அடியில் இருக்கும் டிரைவ் லிங்க்குகள் கைடு பாரின் காடிக்குள் (விளிம்பில் ஓடும் பள்ளம்) இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டே போகின்றன. நடுவில் பேரிங் எதுவும் கிடையாது, எண்ணெய்ப் படலம்தான் பேரிங். டேங்க்கின் அடியில் கிடக்கும் சிறிய ஃபில்டர் வழியாக எண்ணெய் பம்ப்புக்குப் போய், பார் பொருந்தும் இடத்தில் உள்ள துளையில் வெளிவருகிறது. பாரின் வால் பக்கத்தில் அதற்கு நேராக இன்னொரு சிறு துளை இருக்கும். அதன் வழியே காடிக்குள் இறங்கும் எண்ணெயை, டிரைவ் லிங்க்கின் கொக்கி போன்ற அடி நுனி வாரிக்கொண்டு மேல் விளிம்பு வழியாகப் பாரின் முன் நுனியான மூக்குவரை கொண்டுபோய், அங்கே திரும்பி, அறுக்கும் அடிப்பக்கத்துக்குச் சேர்க்கிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் கடைசியில் காய்வது அடிப்பக்கம்தான்.

போன எண்ணெய் டேங்க்குக்குத் திரும்பி வராது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின்களில் பெட்ரோல் டேங்க் சுமார் 550 மி.லி., எண்ணெய் டேங்க் சுமார் 260 மி.லி. ஒரு நாளில் ஆறு முறை நிரப்பினால் ஒன்றரை லிட்டர் எண்ணெய் மரத்திலும் மண்ணிலும் தெறித்துவிடுகிறது. மலையில் அந்த மண்ணுக்குக் கீழேதான் யாரோ குடிக்கும் ஊற்று இருக்கிறது.

அதனால்தான் வண்டியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சும்மா கிடைக்கிறதே என்று பலரும் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும். அது பம்ப்பை அராவும், ஃபில்டரை அடைக்கும். வெந்து நீர்த்துப்போன எண்ணெய்க்குச் செயினில் ஒட்டும் பிசுக்கும் இருக்காது, மூக்கு திரும்பும் இடத்திலேயே வீசிப்போய்விடும். அறுப்பவரின் கையிலும் முகத்திலும் நாள் முழுக்கத் தெறிப்பதும் அதுதான். பழைய எஞ்சின் ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் தோல் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடக் கூடியது. மிச்சமாகும் காசு ஒரு பாரின் விலைக்குக் காணாது.

செயினுக்கென்றே விற்கும் பார் ஆயிலை விரலில் தொட்டுப் பிரித்துப் பாருங்கள், நூல் போல இழுபடும். அந்த ஒட்டும் தன்மைக்குத்தான் காசு. அது கிடைக்காத ஊரில் புதிய எஞ்சின் ஆயில் ஊற்றலாம். கூடலூர், பந்தலூர் போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான பகுதிகளில் எஸ்ஏஇ 30 அல்லது 20டபிள்யூ-40 சரியாக இருக்கும். ஊட்டிப் பக்கம் குளிர்காலத்தில் 10டபிள்யூ-30 போல மெல்லியதாக இருந்தால்தான் பம்ப் இழுக்கும். எஞ்சின் ஆயில் கொஞ்சம் அதிகமாக வீசிப்போகும் என்பதால், மெஷினின் அடியில் எண்ணெய் அளவுத் திருகு இருந்தால் கால் சுற்று கூட்டிக்கொள்ளுங்கள்.

சமையல் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணுக்குக் கெடுதல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குன்னூரில் தலைக்குத் தேய்க்கும் பாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். ரேஷன் பாமாயிலும் குளிரில் கட்டிபிடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் உறையாது, அன்றன்றைக்கு ஊற்றித் தீர்த்துவிடுவதானால் ஓடும். ஆனால் அதே செயினை இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகி, லிங்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, செயின் குச்சி போல விறைத்துக்கொள்ளும். அப்படி ஊற்றுபவர்கள் மெஷினை மூட்டை கட்டும் முன் கடைசி டேங்க்கைச் சாதாரணப் பார் ஆயிலில் ஓட்டி முடிக்க வேண்டும். பலகாரம் பொரித்த எண்ணெய் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதில் உப்பும் கசண்டும் இருக்கும்.

புதிதாக மெஷின் வாங்குபவர்களுக்கு ஒன்று: பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலும் செயின் ஆயிலும் வேறு வேறு. 2டி ஆயில், மெஷினின் கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்று இருந்தால் 40 மி.லி. இரண்டு மூடிகளையும் மாற்றித் திறந்து மாற்றி ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. எண்ணெய் மூடியில் துளிப் படம் இருக்கும், பார்த்துத் திறங்கள்.

உறைபனிக் காலையில்

டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஊட்டிப் பள்ளங்களில் புல் வெள்ளையாகும் காலையில், இரவு முழுக்க வெளியே கிடந்த பார் ஆயில் தேன் போலத் தடித்திருக்கும். பம்ப் சுற்றும், எண்ணெய் ஏறாது. மெஷின் சூடாகி எண்ணெய் இளகுவதற்குள் முதல் பத்து நிமிடம் செயின் காய்ந்தே ஓடிவிடும். பார் மூக்கு நீலம் பாரிப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கேனை இரவில் வீட்டுக்குள் வையுங்கள். மறந்துவிட்டால், மூடிய கேனைச் சுடுதண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து ஊற்றுங்கள். அடுப்புப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். மெஷினை ஸ்டார்ட் செய்ததும் மரத்தில் வைக்காமல், கீழே சொல்லும் சோதனையில் எண்ணெய்க் கோடு தெரியும்வரை காத்திருங்கள்.

அந்தச் சோதனை சுலபமானது. வெட்டிய மரத்தின் வெளிறிய அடிக்கட்டை, பழைய அட்டைப்பெட்டி, ஏதாவது ஒன்றுக்கு நேராகப் பாரின் மூக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முக்கால் வேகத்தில் ஓட்டுங்கள். செயின் எதிலும் படக் கூடாது. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மெல்லிய எண்ணெய்த் தெறிப்பு ஒரு கோடாக விழ வேண்டும். விழாவிட்டால் அறுக்கத் தொடங்காதீர்கள்.

இன்னொரு கணக்கு டேங்க்குகளே காட்டும். பெட்ரோல் தீரும்போது எண்ணெய் டேங்க்கில் கால் பங்கு போல மிச்சம் இருக்க வேண்டும். முக்கால் டேங்க் அப்படியே நின்றால் எங்கோ அடைப்பு. எண்ணெய் முன்னதாகவே தீர்ந்துவிட்டால் திருகு அதிகமாகத் திறந்திருக்கிறது, அல்லது எண்ணெய் ரொம்ப மெல்லிசு. எப்படியானாலும் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெயும் ஊற்றுங்கள், ஒன்றை மட்டும் நிரப்பும் பழக்கமே வேண்டாம். ஊற்றும் முன் மூடியைச் சுற்றியுள்ள மரத்தூளைத் துடைத்துவிடுங்கள். ஃபில்டரை அடைக்கும் தூள் பெரும்பாலும் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது.

எண்ணெய் வராவிட்டால் எங்கே தேடுவது

எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, பிளக் கேப்பைக் கழற்றி வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பக்க மூடி, செயின், பார் மூன்றையும் எடுங்கள். மூடிக்குள் கற்பூரப் பட்டை நாரும் எண்ணெயில் ஊறிய தூளும் களிமண் போல அப்பியிருக்கும். பழைய பெயின்ட் பிரஷால் அதைச் சுரண்டி எடுங்கள். பாரின் எண்ணெய்த் துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். காடியை, அதன் அகலத்துக்குள் போகும் தகடு ஒன்றால் வாலிலிருந்து மூக்குவரை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பு மெழுகு போல ஒரு பொருள் திரண்டு வரும். எண்ணெய்க் குறைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், பாரும் செயினும் இல்லாமலேயே கேப்பை மாட்டி எஞ்சினைச் சில நொடிகள் ஓட்டி, மெஷினின் உடலில் உள்ள எண்ணெய்த் துளையைப் பாருங்கள். கிளட்ச் டிரம் திறந்த நிலையில் சுற்றும், ஆகவே கையோ கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் நுனியோ கிட்டே போகக் கூடாது. எண்ணெய் கசிந்து வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, குறை பாரில்தான். வராவிட்டால் டேங்க்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்து, மண்ணெண்ணெயில் அலசிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கிளட்ச்சுக்குப் பின்னால் இருந்து பம்ப்பைச் சுற்றும் சிறு வார்ம் கியர்தான் மிச்சம். பல மெஷின்களில் அது பிளாஸ்டிக். செயின் பிரேக்கை விடுவிக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டிரம் பழுக்கக் காய்ந்து அந்தக் கியர் உருகிவிடும். அதன் பிறகு எத்தனை நல்ல எண்ணெய் ஊற்றினாலும் பம்ப் சுற்றாது. கியரை மாற்ற அதிகச் செலவில்லை, ஆனால் கிளட்ச்சைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அதற்கு இடப்புறத் திருகு, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

இழுவை

செயினுக்கு இழுவை (இறுக்கம்) வைக்கும்போது பாரின் நட்டுகளை விரல் இறுக்கத்துக்குத் தளர்த்தி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடி செயினை இறுக்கும் திருகைத் திருப்புங்கள். மூக்கைத் தூக்காமல் இறுக்கினால் முதல் வெட்டிலேயே பார் மேலே ஏறி, செயின் தொங்கிவிடும். செயின் பாரின் அடி விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும்; பிரேக்கை விடுவித்து, கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும். நடுவில் பிடித்துக் கீழே இழுத்தால் டிரைவ் லிங்க்குகள் காடியை விட்டு முழுதாக வெளியே வரக் கூடாது, விட்டதும் பட்டென்று உள்ளே போக வேண்டும். மூக்கைத் தூக்கிய நிலையிலேயே நட்டுகளை இறுக்குங்கள்.

செயின் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். மலையில் இது முக்கியம். மத்தியான வேலையில் தொங்குகிறதே என்று இறுக்கிய செயினை அப்படியே விட்டுவிட்டுப் போனால், இரவுக் குளிரில் சுருங்கி பாரையும் கிராங்க் பேரிங்கையும் இழுத்துப் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்து, காலையில் மறுபடி இழுவை வையுங்கள்.

புதுச் செயினை மாட்டும் முன் ஒரு இரவு எண்ணெயில் ஊற விட்டால் ரிவெட்டுகளுக்குள் எண்ணெய் இறங்கும். மாட்டியதும் இரண்டு மூன்று நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஆற விட்டு, இழுவையை மறுபடி பாருங்கள். முதல் நாளில் இரண்டு மூன்று முறையாவது தளரும்.

அரம்

செயினுக்குத் தகுந்த வட்ட அரம் முதலில் வேண்டும். பாரின் வால் பக்கத்தில் பிட்ச் (லிங்க்குகளின் இடைவெளி அளவு), கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன்), டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த (லோ புரொஃபைல்) 3/8 செயினுக்கு 4 மி.மீ. பெரிய 3/8 செயினுக்கு, தயாரிப்பைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. கடையில் இருக்கிறதென்று வேறு அளவை வாங்கினால், பெரிய அரம் பல்லின் கொக்கி வளைவைத் தட்டையாக்கிவிடும், சிறியது அடியைக் குடைந்துவிடும்.

பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் தகடும் பக்கத் தகடும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் அதுதான் மழுக்கம். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, இருட்டாகவே தெரியும். அந்தக் கோடு மறையும்வரை அரம் போட வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் போட்டதே வீண்.

பாரை அடிக்கட்டையில் வெட்டிய ஒரு காடியிலோ வைஸிலோ பிடித்து, பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லின் மேல் உள்ள சாய்வுக் கோட்டுக்கு இணையாக, பெரும்பாலான செயினில் 30 டிகிரி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரே சீராகத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பக்கப் பற்கள் அத்தனையும் முடித்த பிறகே மறுபக்கம். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். ஒரு பல் கல்லில் பட்டுக் குட்டையாகியிருந்தால் மற்றவற்றையும் அந்த நீளத்துக்கே கொண்டுவர வேண்டும். வலக்கை அழுத்தம் இடக்கையில் வராது என்பதால் ஒரு பக்கப் பற்கள் நீளமாக நின்றுவிடுவது சகஜம். அப்போது வெட்டு நேராக இறங்காமல், கூரும் நீளமும் கூடிய பக்கமாக வளையும்.

ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு தள்ளு போட்டால் போதும். முழுதாக மழுங்கவிட்டு இருபது தள்ளு தள்ளுபவரின் செயின்தான் சீக்கிரம் தீரும்.

பல்லுக்கு முன்னால் மொட்டு போல நிற்கும் ரேக்கர், பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரமும் குறைகிறது, ரேக்கர் அப்படியே நிற்கிறது. கூராக இருந்தும் மெஷின் மரத்தில் வழுக்குவது இதனால்தான். நான்கைந்து முறை அரம் போட்டதும் கேஜ் தகட்டை வைத்து, பல்லைவிட ரேக்கர் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும்படி தட்டை அரத்தால் தேய்த்து, முன்முனையை உருட்டிவிடுங்கள். கண்ணளவில் தேய்க்க வேண்டாம். அதிகம் தாழ்ந்தால் பல் அளவுக்கு மீறிக் கடித்து, மெஷின் ஆள் மேலேயே திரும்பி உதைக்கும். சரிவில் கால் ஊன்றி நிற்பவருக்கு அந்த ஒரு உதை போதும்.

பல்லின் மேல் தகடு 4 மி.மீ. நீளத்துக்கு வந்துவிட்டால் அந்தச் செயினை விட்டுவிடுங்கள்.

பாரும் ஸ்ப்ராக்கெட்டும்

செயினைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், அடி விளிம்பு மட்டுமே தேயாமல் இருக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் பிளேடு போலப் பிசிறு தட்டுப்படும். தட்டை அரத்தால் அதை நீக்குங்கள். பிறகு செயினை மாட்டி, பாரின் பக்கத்துக்கும் ஒரு பல்லின் பக்கத்துக்கும் சேர்த்து இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் விளிம்பு நன்றாக இருக்கிறது. செயின் சாய்ந்து இடைவெளியே இல்லாமல் படுத்துவிட்டால் காடி அகன்றுவிட்டது. மூக்கில் கிரீஸ் துளை இருந்தால் துடைத்துவிட்டு, பழையது வெளியே வரும்வரை கிரீஸ் அடியுங்கள். துளை இல்லாத பார்களுக்குச் செயின் எண்ணெயே போதும்.

செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் செயின் பதிந்த தடம் அரை மி.மீ. ஆழமானால் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மாட்டினால் பிட்ச் ஒத்துப்போகாமல் சில நாளிலேயே நீண்டுவிடும். இரண்டு செயினை மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டும் தீரும்போது ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவது நல்ல கணக்கு.

மலையில் செயினை மழுக்குபவை

சரிவில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் செம்மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டியிருக்கும். வெட்டும் இடத்தில் கத்தியால் பட்டையைச் செதுக்கிவிட்டு மெஷினை வையுங்கள். ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்ட செயினுக்கு, பிறகு எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் சூடு குறையாது, அரம்தான் மருந்து. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கிலும் வேலியோரச் சீகை (வாட்டில்) மரத்திலும் முள்கம்பியும் ஆணியும் மரத்துக்குள் புதைந்து வளர்ந்திருக்கும். பட்டையில் கிடைமட்டமாகத் தழும்பு தெரிந்தால் ஒரு முழம் மேலே தள்ளி வெட்டுங்கள். பைன், சைப்ரஸ் அறுத்த நாளில் பிசின் செயினில் படிந்துவிடும். செயினை இரண்டு மூன்று மணி நேரம் மண்ணெண்ணெயில் போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து உலர்த்தி, உடனே எண்ணெயில் முக்குங்கள். மண்ணெண்ணெய் பழைய எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும் என்பதால், அப்படியே தொங்கவிட்டால் மறுநாளே துரு.

மழைக்காலத்துக்கு

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது போன்ற நாட்களில், பாதையில் விழுந்த மரத்தை அகற்ற மெஷின் உடனே தேவைப்படும். நிற்கும் மரத்தை வெட்டுவது வேறு விஷயம்: 1955-ஆம் ஆண்டு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரமானாலும் முன்அனுமதி வேண்டும்.

ஜூன் பிறக்கும் முன் ஒரு செயினைத் தீட்டி, ரேக்கர் பார்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெயில் மூழ்க வைத்துவிடுங்கள். பாரின் காடியைச் சுத்தம் செய்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றாமல் வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். மெஷினைச் சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல், அடியில் ஒரு தட்டோடு வையுங்கள். இரவில் பாரிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வடிந்து தட்டில் நிற்பது குறையில்லை. தட்டு நிறைய நின்றால் பம்ப்பின் சீலைப் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். எண்ணெய் டேங்க் மட்டும் நிறைந்தே இருக்கட்டும்.